வீட்டில் டிஜே மிக்ஸ் பதிவு செய்கிறீர்களா? ஒலி கெடுவது எங்கே, காப்பது எப்படி?

மும்பை: இரவு விடுதியிலோ, திருமண சங்கீத் நிகழ்ச்சியிலோ, இசைத் திருவிழாவின் சிறிய மேடை ஒன்றிலோ முதல் வாய்ப்பைத் தேடும் டிஜே ஒருவரிடம் ஏற்பாட்டாளர்கள் பெரும்பாலும் கேட்பது, அவர் பதிவு செய்த மிக்ஸ் ஒன்றைத்தான். நேரில் இசைத்துக் காட்டும் சந்தர்ப்பம் கிடைப்பதற்கு முன்பே அந்த ஒலிக்கோப்பு அவருக்காகப் பேசத் தொடங்கிவிடுகிறது. பாடல் தேர்வும் கலக்கும் திறமையும் எவ்வளவு சிறப்பாக இருந்தாலும், ஒலி கரகரத்தாலோ மங்கிக் கிடந்தாலோ கேட்பவர் முதல் நிமிடத்திலேயே அடுத்த கோப்புக்குச் சென்றுவிடக்கூடும்.

நாட்டின் பல பகுதிகளில் 'டிஜே' என்றால் ஊர்வல லாரியில் அடுக்கப்பட்ட ஒலிபெருக்கிச் சுவர் என்றே பொருள் கொள்ளப்படுகிறது. இங்கு பேசப்படுவது அதுவன்று. ஒரு மடிக்கணினி, ஒரு கன்ட்ரோலர் அல்லது மிக்ஸர், ஒரு ஹெட்போன் ஆகியவற்றுடன் படுக்கையறையில் அமர்ந்து ஒரு மணி நேர இசைத் தொகுப்பை உருவாக்குபவர்களின் சிக்கல் இது. இவர்களில் பலர், ஒலி சரியில்லை என்றதும் விலை உயர்ந்த கருவி இல்லாததே காரணம் என்று எண்ணிக்கொள்கின்றனர். உண்மையில், வீட்டுப் பதிவுகளைக் கெடுக்கும் காரணங்களில் பெரும்பாலானவை விலையோடு தொடர்பற்றவை. பதிவுப் பொத்தானை அழுத்துவதற்கு முன்பு ஒலி அளவு எந்தெந்த இடத்தில், எவ்வளவு உயர்த்தப்பட்டது என்பதுதான் முதல் கேள்வி.

சிவப்பு விளக்கு சொல்வது என்ன?

டிஜிட்டல் பதிவில் 0 டெசிபல் என்பது கூரை. அதற்கு மேல் எண்களே இல்லை. ஒலி அலையின் உச்சி அந்தக் கூரையைத் தாண்ட முயன்றால், தாண்டிய பகுதி சீவி எறியப்பட்டு, வளைந்திருக்க வேண்டிய அலை தட்டையாகப் பதிவாகிறது. இதுவே 'கிளிப்பிங்' எனப்படும் சிதைவு. காதுக்கு அது வெடிப்பாகவோ, கரகரப்பாகவோ, பேஸ் டிரம்மின் அடியில் ஒட்டிய மணலைப் போலவோ கேட்கும். பழைய காந்த நாடாவில் அளவு மீறினால் ஒலி படிப்படியாகத்தான் தடித்துச் சிதையும். அதைச் சிலர் விரும்பவும் செய்தனர். டிஜிட்டலில் அந்தத் தயவு கிடையாது. சீவப்பட்ட உச்சியின் உண்மையான வடிவம் கோப்பில் எங்கும் இல்லை. அதைச் சீர்செய்யும் மென்பொருள்கள் இருந்தாலும், அவை இழந்ததை ஊகித்து நிரப்புகின்றனவே தவிர, மீட்டுத் தருவதில்லை. அருமையாக அமைந்த ஒரு மணி நேர இசைப்பு இவ்வாறு வீணானால், மீண்டும் தொடக்கத்திலிருந்து இசைப்பதைத் தவிர வேறு வழியில்லை.

டிஜே கலவையில் இந்த ஆபத்து மற்ற பதிவுகளைக் காட்டிலும் அதிகம். ஒரே அளவிலான, ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு ஒலிகள் சேரும்போது மொத்த அளவு சுமார் 3 டெசிபல் உயரும். ஆனால் இரண்டு அலைகளின் மேடும் மேடும் ஒரே கணத்தில் சந்தித்தால் உயர்வு 6 டெசிபல். அதாவது அலையின் உயரம் இரட்டிப்பாகிறது. இரண்டு பாடல்களின் தாளத்தையும் ஒரே புள்ளியில் விழச் செய்வதுதான் டிஜேயின் அடிப்படைத் திறமை. ஆகவே, தாளத்தை எவ்வளவு துல்லியமாகப் பொருத்துகிறாரோ, இரண்டு பேஸ் டிரம்களும் அவ்வளவு சரியாக ஒன்றின் மேல் ஒன்று விழுந்து மீட்டரைச் சிவப்புக்குத் தள்ளும். தனித்தனியாக இசைத்தபோது பச்சையிலேயே நின்ற பாடல்கள், கலக்கும் அந்த அரை நிமிடத்தில் மட்டும் சிதைவதற்கு இதுவே காரணம்.

இதனால்தான் தேர்ந்த டிஜேக்கள் புதிய பாடலை உள்ளே கொண்டுவரும்போது அதன் பேஸ் குமிழைக் குறைத்து வைத்திருந்து, உரிய இடத்தில் பழைய பாடலின் பேஸைக் குறைத்துப் புதியதை ஏற்றுகின்றனர். ரசனைக்காகச் செய்யப்படுவதாகத் தோன்றும் இந்தப் பழக்கம், ஒலி அளவைக் காக்கும் பாதுகாப்பு வால்வாகவும் செயல்படுகிறது.

எவ்வளவு இடம் விட வேண்டும்?

கூரைக்கும் ஒலியின் வழக்கமான உச்சிக்கும் இடையே விடப்படும் இடைவெளி 'ஹெட்ரூம்' எனப்படுகிறது. பதிவு மீட்டரில் மிக உரத்த பகுதியும் -6 டெசிபலை ஒட்டியே நிற்குமாறு அமைப்பது பாதுகாப்பானது. தொகுப்பில் உள்ளவற்றுள் மிக உரத்த பாடலின் மிக உரத்த பகுதியை ஓட விட்டு, முதலில் அந்தச் சேனலின் கெய்ன் குமிழை மிக்ஸர் மீட்டரில் 0 அருகே நிற்குமாறு வைக்க வேண்டும். அதன் பிறகே பதிவுக் கருவியின் உள்ளீட்டு அளவைத் தொட வேண்டும். இந்த வரிசை முக்கியம். மிக்ஸரிலேயே சிதைந்த ஒலியைப் பதிவுக் கருவியில் குறைத்து வாங்கினால், சிதைவு குறைந்த ஒலியளவில் பதிவாகும், அவ்வளவே. இங்கு பலர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு: மிக்ஸரின் மீட்டரில் காணும் 0 வேறு, பதிவுக் கோப்பின் கூரையான 0 வேறு. முன்னதற்கு மேலே பெரும்பாலான மிக்ஸர்களில் இன்னும் இடம் இருக்கும். பின்னதற்கு மேலே எதுவும் இல்லை.

'முடிந்த அளவு உரக்கப் பதிவு செய்' என்ற பழைய அறிவுரை இன்றும் சுற்றி வருகிறது. காந்த நாடாவின் இரைச்சலுக்கு மேலே இசையை நிறுத்த வேண்டியிருந்த காலத்துக்கு உரியது அது. டிஜிட்டல் பதிவில் ஒரு பிட் ஏறத்தாழ 6 டெசிபல் வீச்சைத் தருகிறது. 1982இல் சந்தைக்கு வந்த குறுந்தகட்டின் 16 பிட் பதிவுக்குச் சுமார் 96 டெசிபல் வீச்சு. 24 பிட்டுக்குக் கணக்குப்படி 144 டெசிபல். எனவே, 24 பிட்டில் பதிந்துகொண்டு 6 டெசிபல் இடம் விடுவதால் இழப்பது ஒரே ஒரு பிட். எந்தக் காதும் அதைக் கண்டுபிடிக்காது. 32 பிட் மிதவைப் புள்ளி முறையில் பதியும் கருவிகளும் இப்போது உள்ளன. அவற்றிலும் மிக்ஸருக்குள் நிகழ்ந்துவிட்ட சிதைவுக்கு மருந்து இல்லை.

இந்தியப் பாடல்களைக் கலப்பவர்களுக்குக் கூடுதலாக ஒரு தொல்லை உண்டு. 1980இல் வெளிவந்த 'குர்பானி', 1982இல் வெளிவந்த 'டிஸ்கோ டான்சர்' காலத்துப் பாடல்களையும் இன்றைய இந்தி, பஞ்சாபிப் பாடல்களையும் ஒரே தொகுப்பில் வைத்தால், அளவு வேறுபாடு உடனே காதில் அறையும். அன்றைய பதிவுகளில் மெல்லிய பகுதிக்கும் உரத்த பகுதிக்கும் இடையே இடைவெளி அதிகம். இன்றைய பாடல்கள் கூரையை ஒட்டி இறுக்கிச் செய்யப்பட்டவை. பழைய பாடலை மேலே இழுப்பதைவிடப் புதிய பாடலைக் கீழே இறக்குவதே சரி. டிஜே மென்பொருள்களில் உள்ள தானியங்கி கெய்ன் வசதி இதில் பெருமளவு உதவும் என்றாலும், கடைசி முடிவைக் காதிடம் விடுவதே நல்லது.

எந்த வழியில் பதிவது?

ரெகார்ட்பாக்ஸ், செராட்டோ, டிராக்டர், விர்ச்சுவல் டிஜே போன்ற மென்பொருள்களைக் கன்ட்ரோலருடன் பயன்படுத்துவோருக்கு எளிய வழி, மென்பொருளுக்குள்ளேயே இருக்கும் பதிவு வசதிதான். ஒலி கணினியை விட்டு வெளியே வராமல் நேரடியாகக் கோப்பாகிறது. கம்பியும் இல்லை, இரைச்சலும் இல்லை. ஆனால் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். சில கன்ட்ரோலர்களில் மைக் ஒலி கருவிக்குள்ளேயே கலக்கப்பட்டு நேராக ஒலிபெருக்கிக்குச் செல்வதால், அறிவிப்புக் குரல் கோப்பில் இடம்பெறாது. அதேபோல், ஸ்ட்ரீமிங் சேவைகளிலிருந்து நேரடியாக இசைக்கும் பாடல்களைப் பதிவு செய்ய டிஜே மென்பொருள்கள் பல அனுமதிப்பதில்லை. இரண்டையும் ஒரு நிமிடச் சோதனைப் பதிவில் தெரிந்துகொள்ளலாம்.

தனி மிக்ஸர் வைத்திருப்பவர்கள் அதன் 'ரெக் அவுட்' துளையைப் பயன்படுத்துவது பொருத்தம். பெரும்பாலான மிக்ஸர்களில் மாஸ்டர் குமிழைத் திருப்பினாலும் ரெக் அவுட்டின் அளவு மாறாது. இரவில் ஒலிபெருக்கியைக் குறைத்தாலும் பதிவு சீராக இருக்கும். ஹெட்போன் துளையிலிருந்து பதிவது கடைசி வழியாகவே இருக்கட்டும்.

அந்த ஒலி போய்ச் சேரும் இடமும் சரியாக இருக்க வேண்டும். இன்றைய மடிக்கணினிகள் பலவற்றில் உள்ள ஒற்றைத் துளை, சில மில்லிவோல்ட் அளவிலான ஹெட்செட் மைக்கை எதிர்பார்க்கிறது. அதுவும் ஒற்றைத் தடத்தில். மிக்ஸரிலிருந்து வரும் லைன் அளவு ஒலி அதைவிடப் பல மடங்கு வலியது. அங்கே செருகினால் ஒலி சிதைவதுடன் ஸ்டீரியோவும் பறிபோகும். கைபேசியின் ஹெட்செட் துளைக்கும் இது பொருந்தும். இரண்டு லைன் உள்ளீடுகள் கொண்ட சிறிய யூ.எஸ்.பி. ஆடியோ இன்டர்ஃபேஸ் அல்லது கையடக்க ஒலிப்பதிவுக் கருவி இதற்குத் தீர்வு. லைன் அளவிலும் இரு வகை உண்டு. வீட்டுக் கருவிகளின் அளவு சுமார் 0.32 வோல்ட், தொழில்முறைக் கருவிகளுடையது சுமார் 1.23 வோல்ட். இடையே ஏறத்தாழ 12 டெசிபல் வேறுபாடு இருப்பதால், இன்டர்ஃபேஸின் உள்ளீட்டுக் குமிழைக் குறைந்த அளவிலிருந்து தொடங்கி மெல்ல ஏற்ற வேண்டும். இசைத்தட்டு சுழலியைப் பயன்படுத்துபவர்கள் அதை மிக்ஸரின் 'ஃபோனோ' துளையில் மட்டுமே செருக வேண்டும்; தட்டில் பேஸ் குறைத்தும் உச்சக் குரல் கூட்டியும் பொறிக்கப்பட்டிருப்பதைச் சமன் செய்யும் சுற்று அங்குதான் உள்ளது.

ஒலிபெருக்கிக்கு எதிரே கைபேசியை வைத்துப் பதிவது பரவலான பழக்கம். அதில் அறையின் எதிரொலி, மின்விசிறி, தெருவில் போகும் ஆட்டோ எல்லாம் மிக்ஸின் பகுதியாகிவிடும். கைபேசி தானாகவே அளவை ஏற்றி இறக்குவதால் ஒவ்வொரு டிரம் அடிக்கும் இசை முழுவதும் அமுங்கி எழும். நண்பர்களுக்கு அனுப்பும் துண்டுக்கு அது போதும். வாய்ப்புக்காக அனுப்பும் மிக்ஸுக்குப் போதாது.

வீட்டு மின்சாரமும் ரீங்காரமும்

கம்பி வழிப் பதிவில் அடிக்கடி எழும் புகார், இசைக்கு அடியில் ஓயாமல் கேட்கும் 'ஊம்' ரீங்காரம். இந்தியாவில் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் அதிர்வெண் கொண்டது. மிக்ஸரும் கணினியும் வெவ்வேறு வழிகளில் எர்த் இணைப்பைப் பெறும்போது, அவற்றை இணைக்கும் ஒலிக் கம்பியும் சேர்ந்து ஒரு வளையமாகி, 50 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும் ஒலியில் ஏறிவிடுகின்றன. மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றி பேட்டரியில் ஓட விட்டால் ரீங்காரம் நின்றுவிடுகிறதா என்று பார்ப்பதே முதல் சோதனை. நின்றால் காரணம் தெரிந்துவிட்டது. எல்லாக் கருவிகளையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் செருகுவது பல வீடுகளில் பிரச்சினையைத் தீர்க்கும். தீராவிட்டால் கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் என்ற சிறு கருவியை ஒலிக் கம்பிக்கு இடையே பொருத்தலாம். ரீங்காரத்தைப் போக்கப் பிளக்கின் எர்த் முனையை உடைக்கும் வழக்கம் சிலரிடம் உண்டு. உயிருக்கே ஆபத்தான அந்த வேலையை ஒருபோதும் செய்யக் கூடாது.

மின்வெட்டுக்காக வைத்திருக்கும் இன்வெர்ட்டர் சதுர அலை வகையாக இருந்தால், அது ஓடும்போது கூர்மையான இரைச்சல் பதிவில் ஏறக்கூடும். மின்விசிறியின் எலக்ட்ரானிக் ரெகுலேட்டரும் அவ்வாறே. விசிறியை முழு வேகத்தில் வைத்தோ நிறுத்தியோ பார்த்தால் உண்மை விளங்கும்.

கோப்பு நன்றாக இருந்தால்தான் மிக்ஸ் நன்றாக இருக்கும்

பாதை எவ்வளவு சுத்தமாக இருந்தாலும், இசைக்கும் பாடலே தரம் குறைந்திருந்தால் பயனில்லை. எம்பி3 முறை, காதுக்கு எளிதில் புலப்படாதவை என்று கருதும் தகவல்களை நீக்கிக் கோப்பைச் சிறிதாக்குகிறது. 128 கிலோபிட் எம்பி3 கோப்பில் பொதுவாக 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேலுள்ள ஒலி வெட்டப்பட்டிருக்கும். அதை 320 கிலோபிட்டாக மாற்றிச் சேமித்தால் கோப்பு பருக்குமே தவிர, வெட்டப்பட்டது திரும்பாது. இணையத்தில் '320' என்ற பெயருடன் கிடைக்கும் கோப்புகளில் இத்தகையவையும் உண்டு. இலவச மென்பொருளான ஆடாசிட்டியில் பாடலைத் திறந்து ஸ்பெக்ட்ரோகிராம் காட்சிக்கு மாற்றினால், 16 கிலோஹெர்ட்ஸ் அருகே கத்தியால் அறுத்தது போன்ற கோடு தெரிகிறதா என்று பார்க்கலாம். தெரிந்தால் பெயரை நம்ப வேண்டியதில்லை. சிறிய ஒலிபெருக்கியில் மறைந்திருக்கும் இந்தக் குறை, விடுதியின் பெரிய ஒலி அமைப்பில் ஜால்ராவும் ஹை-ஹாட்டும் நீரில் நனைந்தவை போலக் கேட்கும்போது வெளிப்படும்.

பாடலின் வேகத்தை மாற்றியும் சுருதி மாறாமல் வைத்திருக்கும் 'கீ லாக்' வசதியும் அளவோடு பயன்பட வேண்டியது. சில சதவீத மாற்றத்தில் தெரியாத அதன் விளைவு, அதிகம் இழுத்தால் குரலில் நடுக்கமாக வெளிப்படும்.

பதிவை வேவ் அல்லது ஃப்ளாக் வடிவில் வைத்துக்கொள்வதே நல்லது. 44.1 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் ஸ்டீரியோ வேவ் கோப்பு ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 950 எம்.பி. இடம் பிடிக்கும். 320 கிலோபிட் எம்பி3 என்றால் 144 எம்.பி. போதும். முன்னதைச் சேமிப்புக்கும், பின்னதை அனுப்புவதற்கும் வைத்துக்கொள்ளலாம். பாடல்கள் 44.1 கிலோஹெர்ட்ஸில் இருக்கும்போது மென்பொருள், இன்டர்ஃபேஸ், இயங்குதளம் மூன்றையும் அதே எண்ணில் வைப்பது குழப்பத்தைத் தவிர்க்கும். காணொலிக்காகப் பதிவோர் மட்டும் 48 கிலோஹெர்ட்ஸைத் தேர்ந்தெடுக்கலாம்.

பதிவின்போது கணினி திணறினால் ஒலியில் சிறு 'டிக்' வெட்டுகள் விழும். பஃபர் அளவைச் சற்றுக் கூட்டுவது, இன்டர்ஃபேஸை யூ.எஸ்.பி. ஹப் இன்றி நேரடியாகச் செருகுவது, மின்சிக்கன முறையை நிறுத்துவது ஆகியவை பயன் தரும். அறிவிப்பு ஒலிகளையும் அணைத்துவிட வேண்டும். 40ஆவது நிமிடத்தில் மின்னஞ்சல் மணி ஒலித்த மிக்ஸ்கள் உலகில் ஏராளம். புளூடூத் ஒலிபெருக்கியைக் கேட்டுக்கொண்டு கலப்பதும் ஆகாது. நிமிடத்துக்கு 120 தாளங்கள் கொண்ட பாடலில் இரு தாளங்களுக்கு இடையே 500 மில்லிவினாடியே உள்ளது. புளூடூத்தின் தாமதம் 200 மில்லிவினாடியை எட்டினால் ஏறக்குறைய அரைத் தாளம் தவறிவிடும்.

பதிந்த பிறகு

முடிந்த கோப்பின் முன்னும் பின்னும் உள்ள மௌனத்தை வெட்டிவிட்டு, மொத்த அளவை உச்சி -1 டெசிபல் வரை உயர்த்தினால் பெரும்பாலும் போதும். இதற்கு மேல் லிமிட்டரால் நசுக்கி உரக்கச் செய்ய முயல்வது வீண் வேலை. ஸ்பாட்டிஃபை, யூடியூப் போன்ற தளங்கள் உரத்த ஒலியை -14 லஃப்ஸ் என்ற சராசரி உரப்பு அளவை ஒட்டித் தாமே குறைத்துவிடுகின்றன. நசுக்கியவருக்கு எஞ்சுவது துடிப்பிழந்த டிரம் மட்டுமே.

பிறருடைய பாடல்கள் அடங்கிய மிக்ஸைப் பதிவேற்றும்போது பதிப்புரிமைச் சிக்கலும் எழும். இந்தியாவின் 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின்படி ஒலிப்பதிவுகளுக்கு 60 ஆண்டுகள் பாதுகாப்பு உண்டு. நிகழ்ச்சி அரங்கம் பெற்றிருக்கும் பொது இசைப்பு உரிமம், மிக்ஸை இணையத்தில் ஏற்றுவதற்கான உரிமை ஆகாது. யூடியூபின் தானியங்கி அடையாள முறை பாடலைக் கண்டறிந்து மிக்ஸை முடக்கலாம். இசைத் தொகுப்புகளுக்கென உரிம ஏற்பாடு செய்துள்ள மிக்ஸ்கிளவுட் போன்ற தளங்களைப் பல டிஜேக்கள் நாடுவது இதனால்தான்.

வீட்டில் இரவில் பதிவோர் அக்கம்பக்கத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி, குடியிருப்புப் பகுதிகளில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை அனுமதிக்கப்பட்ட அளவு 45 டெசிபல். எனவே ஹெட்போனே துணை. அதிலும் 80 டெசிபல் ஒலியை வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம் என்பது உலக சுகாதார அமைப்பின் வழிகாட்டுதல். 90 டெசிபலில் அந்த நேரம் 4 மணியாகச் சுருங்குகிறது. களைத்த காது உச்சக் குரல்களைச் சரியாக உணராது. அந்த நிலையில் ட்ரெபிள் குமிழைத் திருப்பிச் செய்த மிக்ஸ், மறுநாள் காலையில் காதைக் குத்தும்.

ஆகவே பதிந்த இரவிலேயே கோப்பை அனுப்பிவிடாமல், ஒரு நாள் கழித்து ஹெட்போனில் ஒருமுறை, கைபேசியின் சிறு ஒலிபெருக்கியில் ஒருமுறை, முடிந்தால் காரில் ஒருமுறை கேட்பது நல்லது. கைபேசியில் பேஸ் வரி முற்றிலும் மறைந்து போகிறதா, பாடல் மாறும் இடங்களில் அளவு துள்ளுகிறதா என்று குறித்துக்கொள்ள வேண்டும். அளவு துள்ளும் இடங்களை மட்டும் மென்பொருளில் ஓரிரு டெசிபல் ஏற்றி இறக்கிச் சரிசெய்துவிட்டு, மூல வேவ் கோப்பிலிருந்து புதிய எம்பி3 ஒன்றை எடுத்து அனுப்பலாம்.